ஊறப்போடாத டிஸ்க்

பதினோரு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் பிரகாசிக்கு ஒரே வேலை. கறிக்கடையிலிருந்து ஆட்டு முதுகெலும்பு வரும். எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்கில், தண்ணீர் குடித்து உப்பும் ஜெல்லை ஊசியால் ஏற்றுவாள். மெஷின் அதை நொடிக்கு ஒருதரம் அமுக்கும். தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்று தன் பேராசிரியர் உமைதாணுவிடம் கேட்டேவிட்டாள்.

“சார், இந்த ஜெல்லை என் தம்பிக்குப் போட்டுரட்டுமா?”

தம்பி மிக்கேல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். டிஸ்க் நசுங்கி, இரண்டு வருஷமாகச் சுவரைப் பிடித்து நடக்கிறான்.

“இன்னும் ஆட்டையே தாண்டல. அதுக்குள்ள தம்பியா?”

“அவனே கேக்கான் சார். கையெழுத்துப் போடுதேங்கான். லட்சம் அமுக்கு தாங்குச்சே.”

“கூட்டிட்டு வா.”

மிக்கேல் வந்தான். உட்கார முடியாது. ஆய்வுக்கூடத் தரையில் துண்டை விரித்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான்.

உமைதாணு, ஜெல் ஏற்றிய ஒரு டிஸ்கை வைத்து மெஷினை ஓட விட்டார். ஆயிரம் ஆனதும் பிரகாசியின் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. எப்போதும் ஆயிரத்துக்கு ஒருதரம் நிறுத்தி, டிஸ்கை உப்புநீரில் ஊறப்போடுவாள். சப்பிய ஜெல் மறுபடி உப்பும். லட்சம் வந்தது அப்படித்தான்.

“கையை எடு.”

“ஊறணும் சார்.”

“ஏம்ப்பா மிக்கேல், ஆயிரம் மூட்டைக்கு ஒருக்க உன்னை ஊறப்போட்டானா?”

மிக்கேல் சிரித்தான். சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. “டீ குடிக்கப் போனாலே மேஸ்திரி ஏசுவான் சார்.”

மெஷின் ஓடியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. நாலாயிரத்துச் சொச்சத்தில் ஜெல் பிதுங்கியது. ஏற்றுவதற்காக அவள் குத்திய அதே துளை வழியாக, வெள்ளைப் புழு மாதிரி.

“உள்ள இருக்க வேண்டியது வெளிய வந்தா எங்க போகும்?”

“நரம்பு மேல.”

“அப்புறம்?”

“கால் விழுந்துரும்.”

மிக்கேலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். “பரவால்லக்கா. ஒரு மாசம் நிமிர்ந்து நடந்துக்கிடுதேன். பெறவு விழுந்தா விழட்டும். போட்டுரு.”

பிரகாசி திரும்பினாள். “கேட்டீங்களா சார்? அவனே சொல்லுதான்.”

“அவன் கேக்கது சரிதான். வேற என்னத்தக் கேப்பான்? நீ எங்கிட்ட வந்து கேட்டதுதான் தப்பு.”

“அப்ப இவனுக்கு நான் என்னதான் செய்ய?”

உமைதாணு மெஷினை அணைத்தார்.

“தூக்கி விடு. வீடு வரைக்கும் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ.”