மரகதம் டீச்சர் முட்டிக்கு வெட்டுக்கட்டை செய்த கதை

அன்னக்கொடிப்பாளையத்தில் ஒரு பம்புசெட் பட்டறை. முதலாளி நாச்சிமுத்து லேத்தில் நிற்பார். அவர் மச்சினன் குப்புராசு அரம் போடுவான். துளை போடும் மெஷின் துளசிமணி கையில். மூன்று பேருக்கும் கைவேலை அப்படி வரும். காதுக்குள் போனது தலைக்குப் போய்ச் சேருவதில்தான் கொஞ்சம் தகராறு.

ஒரு நாள் எலும்பு டாக்டர் தில்லைநாயகி அங்கே வந்தார். கூடவே கைத்தடி ஊன்றிக்கொண்டு மரகதம் டீச்சர். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் வள்ளிக்கும்மி சொல்லிக் கொடுத்தவர். முட்டி தேய்ந்துபோனதில் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவதோடு சரி.

"டீச்சருக்கு முட்டி மாத்தப் போறோம்" என்றார் டாக்டர்.

குப்புராசு தன் இரண்டு முட்டிகளையும் கையால் மூடிக்கொண்டான். "யாரோடதுக்கு மாத்தறீங்க?"

"யாரோடதும் இல்லப்பா. எலும்பு நுனியைச் சீவிட்டு உலோகத்துல தொப்பி மாட்டிருவோம்."

"வெயிலுக்குங்களா?" என்றாள் துளசிமணி.

டாக்டர் பொறுமைசாலி. "சீவறப்ப ரம்பம் கோணலாப் போனா காலும் கோணலாயிரும். அதனால எலும்பு மேல ஒரு எவர்சில்வர் கட்டையை வெச்சு, அதுல இருக்கற சந்து வழியா ரம்பத்தை விடுவோம். எங்ககிட்ட இருக்கற கட்டையில சந்து அகலம். ரம்பம் ஆடுது. நீங்க புதுசா ஒண்ணு செஞ்சு குடுங்க. எனக்கு ரம்பம் ஆடவே கூடாது. மூணு டிகிரி சாய்வு வேணும். மயிரிழைகூடப் பிசகக் கூடாது. புரிஞ்சுதுங்களா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க" என்றார்கள் மூவரும்.

"ரம்பம் ஆடாம இருந்தாத்தானுங்க நான் ஆட முடியும்" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்கள் போனதும் ஆலோசனை தொடங்கியது.

"ரம்பம் எதுக்கு ஆடுது?" என்றார் நாச்சிமுத்து.

"பாட்டுக் கேட்டா யாருதான் ஆடமாட்டாங்க மாமா?" என்றான் குப்புராசு.

உடனே பட்டறை ரேடியோவை நிறுத்தினார்கள். அதோடு விடவில்லை. பக்கத்து டீக்கடைக்குப் போய், "எலும்பு ஆபரேஷன் விஷயமுங்க" என்று கும்பிட்டு அங்கேயும் நிறுத்த வைத்தார்கள்.

அடுத்தது மயிரிழை. "மயிர் இருந்தாத்தானே அதோட இழை பிசகும்?" என்றாள் துளசிமணி. மூன்று பேரும் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார்கள்.

டீக்கடைக்காரர் கேட்டார், "பழனிங்களா, திருப்பதிங்களா?"

"முட்டிங்க" என்றான் குப்புராசு.

மிச்சம் இருந்தது மூணு டிகிரி சாய்வு. அதுதான் கஷ்டம். ஊரில் ஒரு டிகிரிக்காரர்கள் நிறைய, இரண்டு டிகிரிக்கும் ஆள் உண்டு. விசாரித்து விசாரித்து, பி.ஏ., எம்.ஏ., பி.எட். முடித்த அருணகிரி வாத்தியாரை வீடு தேடிப் போய்ப் பிடித்தார்கள்.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமில்லீங்க சார். சாஞ்சு நின்னாப் போதும்."

அவரும் நல்ல மனுஷர். லேத்தின் மேல் சாய்ந்து நின்றார். அந்தச் சாய்விலேயே தூங்கியும் போனார். டாக்டர் பார்க்க வந்தபோது, சத்தமே இல்லாத பட்டறையில் மூன்று மொட்டைத் தலைகளும் ஒரு குறட்டையும் இருந்தன. கட்டையைக் காணோம்.

"இவர் யாருங்க?"

"மூணு டிகிரிங்க" என்றார் நாச்சிமுத்து பெருமையாக.

டாக்டர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. டீச்சர் புதுச் சலங்கையே வாங்கி வைத்துவிட்டார்.

பாகைமானியை எடுத்து, எவர்சில்வர் கட்டையில் தானே ஒரு கோடு கிழித்தார். தன் ரம்பத்தையும் பக்கத்தில் வைத்தார். "இந்த ரம்பம் இறுக்கமா நுழையற அளவுக்கு, இந்தக் கோட்டு மேல சந்து போடுங்க. கோட்டை விட்டு இந்தப் பக்கமும் போகக் கூடாது, அந்தப் பக்கமும் போகக் கூடாது."

அவ்வளவுதான். மூன்று பேரும் எந்தப் பக்கமும் போகவில்லை. சாப்பாட்டுக்குப் போகவில்லை, டீக்குப் போகவில்லை. குப்புராசுவின் பெண்டாட்டி வாசலில் வந்து கூப்பிட்டதற்கு, "எந்தப் பக்கமும் வரக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்று தலையைக்கூடத் திருப்பாமல் அரம் போட்டான்.

கட்டை வந்தது. டாக்டர் அதைப் பிளாஸ்டிக் எலும்பில் வைத்து அறுத்துப் பார்த்தார். அளந்தார். நம்ப முடியாமல் மறுபடியும் அளந்தார். ரம்பம் சந்துக்குள் வெண்ணெயில் போவதுபோலப் போனது. அசைவே இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்கள் உலகத்தில் வேறு எங்கே கிடைப்பார்கள்?

ஆபரேஷன் நடந்தது. கால் நேராக வந்தது. மெல்ல மெல்ல நடை பழகி, மாரியம்மன் கோயில் திடலில் ஒரு சாயங்காலம் மரகதம் டீச்சர் சலங்கை கட்டிக் கும்மியில் இறங்கினார். முன்வரிசையில் நின்ற மூன்று பேரும் வாய்விட்டு அழுதார்கள். டாக்டருக்கும் தாங்கவில்லை.

"உங்க கைக்கெல்லாம் தங்கக் காப்புதானுங்க போடணும்!" என்றார்.

மூவரும் கூட்டத்தை விட்டு விலகி வந்து யோசித்தார்கள்.

"காப்பு யாரு போடுவாங்க?" என்றார் நாச்சிமுத்து.

"போலீஸ்தான் போடும். பேப்பர்ல தினம் வருதே" என்றாள் துளசிமணி.

நேரே ஸ்டேஷனுக்குப் போய், இன்ஸ்பெக்டர் முன்னால் ஆறு கைகளையும் நீட்டினார்கள். "காப்பு போடுங்க சார்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன பண்ணுனீங்க?"

"ஒரு டீச்சரம்மா காலை அறுக்கறதுக்கு ஏற்பாடு பண்ணிக் குடுத்தோமுங்க."

"அறுத்தது யாரு?"

"டாக்டரம்மாங்க."

"அந்த டீச்சர் இப்ப எங்க?"

"கோயில் திடல்ல ஆடிட்டு இருக்காங்க."

"கால அறுத்ததுக்கப்புறமா?"

"அறுக்கறதுக்கு முந்தி அவங்களால ஆடவே முடியலீங்களே!"

இன்ஸ்பெக்டர் இழுப்பறையைத் திறந்து விலங்கை எடுத்து மேஜை மேல் வைத்தார். நாச்சிமுத்து அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகம் வாடிப்போயிற்று.

"இது இரும்புங்க சார். எங்களுக்குச் சொன்னது தங்கம்."

இன்ஸ்பெக்டர் விலங்கை வாங்கி மறுபடியும் இழுப்பறைக்குள் போட்டார்.

"சங்கடப்படாதீங்க சார், உங்ககிட்ட இல்லாட்டி நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று துளசிமணி சமாதானம் சொன்னாள். "நாங்க கோயமுத்தூர்ல பெரிய ஸ்டேஷன்லயே பாத்துக்கறோம்."

மூன்று பேரும் கும்பிட்டுவிட்டு, கடைசி பஸ் போய்விடுமே என்று ஓட்டமாக ஓடினார்கள்.