பானையில் மிஞ்சியது

மலையடிவார ஊரில் ஒரு சிறிய மடம். அதன் பின்கட்டில், அந்த ஊர்க் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் பதினான்கு பேர் தங்கியிருந்தார்கள். எல்லாரும் மலைக்கிராமத்துப் பிள்ளைகள். அவர்களுக்குச் சோறு போடுவதுதான் தன் பூசை என்று மடத்துச் சாமி சொல்வார். சாமிக்கு வயது நாற்பதுக்குள்தான்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கு அறுபது. பெயர் தீர்த்தகிரி. அரிசிக் கிடங்கில் மூட்டை எண்ணி ஓய்வுபெற்றவர்.

வந்த அன்று அவர் கேட்டார்: "சாமி, எனக்கு ஏதாவது உபதேசம் பண்ணணும்."

"சமைப்பீங்களா?"

"சோறு வடிப்பேன். குழம்பு வைப்பேன்."

"அப்ப அடுக்களையைப் பாத்துக்குங்க" என்றார் சாமி. உபதேசம் அவ்வளவுதான்.

அந்த ஆண்டு மழை இல்லை. மடத்து நிலத்தில் பாதி தரிசாகக் கிடந்தது. சாமி சன்ன அரிசி மூட்டைகளைக் காட்டினார்.

"தை அறுப்பு வரைக்கும் இதுதான். பத்தாமப் போனா நாலு பையன்களையாவது வீட்டுக்கு அனுப்பணும். வீட்டுக்குப் போனவன் திரும்பி வரமாட்டான். ஆடு மேய்க்கவோ செங்கல் சூளைக்கோ போயிடுவான்."

"ஒருத்தனும் போக மாட்டான் சாமி. நான் பாத்துக்கிறேன்" என்றார் தீர்த்தகிரி. சொன்னதை அவர் மறக்கவில்லை.

அந்த மடத்தில் யாரும் யாருக்கும் பரிமாறுவதில்லை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்ததும் சோற்றுப் பானை ஒரு முனையில் வைக்கப்படும். முதலாமவன் தானே போட்டுக்கொண்டு பானையை அடுத்தவன் பக்கம் நகர்த்துவான். கடைசி ஆள் வரை போனதும் அது திரும்பி வரும். இன்னும் வேண்டியவன் எடுத்துக்கொள்வான். சமைத்தவர் மட்டும் பந்திக்கு முன்பே அடுக்களையில் சாப்பிட்டுவிட வேண்டும். உப்போ காரமோ கூடியிருந்தால் அது முதலில் அவர் நாக்கில் படட்டும் என்று வைத்த வழக்கம்.

தீர்த்தகிரி ஒன்றைக் கவனித்தார். எல்லாரும் கை கழுவிய பிறகும் பானையின் அடியில் கொஞ்சம் சோறு மிஞ்சியது. தினமும் மிஞ்சியது. அது நாய்க்குப் போனது.

அந்த அளவுக்கு அரிசியைக் குறைத்தார். மறுநாளும் அதே அளவு மிஞ்சியது. இன்னும் குறைத்தார். அப்போதும் மிஞ்சியது.

அவருக்குச் சந்தோஷம். பிள்ளைகளிடமும் கேட்டுக்கொண்டார்.

"போதுமாடா?"

"போதும் ஐயா."

"வெக்கப்படாம சொல்லுங்கடா."

"நெசமாவே போதும் ஐயா."

ஆவணி பிறந்தது. முகூர்த்த நாட்களில் பிள்ளைகள் தலை வாரி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு புறப்பட ஆரம்பித்தார்கள். கிணற்றடியில் அவர்கள் பேசிக்கொண்டது தீர்த்தகிரியின் காதில் விழுந்தது.

"இன்னைக்கு நாம யாரு பக்கம்டா? மாப்பிள்ளை பக்கமா, பொண்ணு பக்கமா?"

"பாயசம் பக்கம்."

"மொய் கேட்டா?"

"ரெண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிடுவேன்."

வயசுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று அவர் விட்டுவிட்டார்.

ஒரு நாள் நண்பகலில் மாதையன் என்கிற பையன் தனியாகத் திரும்பி வந்தான். அவன் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. யாரையும் பார்க்காமல் கொடியில் கிடந்த தன் துணிகளை எடுத்து மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தான்.

சற்றுப் பிந்தி ஓடி வந்த அவன் கூட்டாளி சென்னகேசவன் சொன்னான்.

"கல்யாண வீட்டுக்காரர் ஒருத்தரு வந்து, நீ யாரு வீட்டுப் பையன்னு கேட்டாரு ஐயா. இவன் முழிச்சான். சட்டையைப் புடிச்சு இலை முன்னாலருந்து தூக்கிட்டாங்க. கையில சோறு. எதிர்ப் பந்தியில எங்க கிளாஸ் பொண்ணுங்க இருந்தாங்க."

"உன்னை விட்டுட்டாங்களா?"

"நான் அப்பத்தான் ஐயா கை கழுவிட்டு வந்தேன்."

தீர்த்தகிரி பெட்டியின் அருகில் போய் நின்றார்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"ஊருக்கு."

"காலேஜு?"

"இனிமே அந்த வகுப்புல போய் உக்கார முடியாது ஐயா."

அவருக்குக் கோபம் வந்தது. நேராகச் சாமியிடம் போனார்.

"சாமி, நம்ம பானையில தினமும் சோறு மிஞ்சுது. நான் என் கண்ணால பாக்குறேன். வீட்டுல சோறு இருக்கும்போது இவன் எதுக்கு அடுத்தவன் பந்தியில போய் உக்காந்தான்? இது பசியா, நாக்கு ருசியா? இவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும்."

சாமி எழுந்துபோய் மாதையனிடம் பேசினார்.

"போறதுன்னா போ. நாளன்னைக்கு ராத்திரி பஸ்ல போ. மடத்துப் பையனை ரெண்டு வேளை நல்லா சாப்பிட வச்சுத்தான் அனுப்புவேன்."

அவன் தலையசைத்தான். பெட்டியை மட்டும் திறக்கவில்லை.

பிறகு தீர்த்தகிரியிடம் வந்தார்.

"நாளைக்கு நீங்க முன்னாடியே சாப்பிட வேணாம். பந்தியில பையன்களோட உக்காருங்க. மாதையனுக்கு முந்தின இடத்துல."

மறுநாள் தீர்த்தகிரி விடியலில் இருந்து தண்ணீர் சேந்தினார், விறகு பிளந்தார், வழக்கம்போல அளந்து உலையில் போட்டார். பந்தியில் உட்காரும்போது வயிறு காந்தியது. பானை அவரிடம் வந்தது. ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். இன்னும் ஒன்று எடுக்கலாம் என்று நினைத்தார். தனக்குப் பிறகு இருப்பவர்களைப் பார்த்தார். பானையை நகர்த்தினார்.

தட்டில் இருந்தது நான்கு வாயில் முடிந்துவிட்டது.

பானை திரும்பி வந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தார். சோற்றுக்கு நடுவே பானையின் அடி தெரிந்தது. கரண்டியை உள்ளே விட்டார். பாதி அள்ளினார். அதைத் திரும்பப் பானையிலேயே போட்டார்.

"எனக்குப் போதும்" என்று சொல்லி மாதையன் பக்கம் தள்ளினார்.

மாதையன் உள்ளே பார்க்கக்கூட இல்லை. "எனக்கும் போதும் ஐயா" என்று அடுத்தவன் பக்கம் தள்ளினான். பானை கடைசி வரை போய் அங்கேயே நின்றது. எல்லாரும் கை கழுவ எழுந்தார்கள்.

சாமி வந்து பானையை எடுத்தார்.

"மிச்சம் எவ்வளவு இருக்கு, பாருங்க."

"எப்பவும் இருக்கிற அளவுதான் சாமி."

"உங்களுக்கு வயிறு நெறைஞ்சுதா?"

தீர்த்தகிரி இல்லையென்று தலையாட்டினார்.

"அப்ப ஏன் எடுக்கல?"

"பக்கத்துல பையன் இருந்தான் சாமி."

"அவனுக்குப் பக்கத்துலயும் ஒருத்தன் இருந்தான்."

தீர்த்தகிரி பானைக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆனா வயிறு நெறைய வடிச்சா தைக்கு முன்னாடியே தீந்துடும். நாலு பேரை அனுப்பணும். அதுக்குப் பயந்துதான் குறைச்சேன்."

"இந்தச் சன்ன அரிசியைக் கடையில குடுத்தா, இதைப் போல ரெண்டு பங்கு நொய்யரிசியும் கேழ்வரகும் தருவாங்களே."

"நொய்யா?" தீர்த்தகிரி நிமிர்ந்தார். "கிடங்குல அதைக் கோழிக்குக் கூட்டித் தள்ளுவோம் சாமி. காலேஜுல படிக்கிற பிள்ளைங்க. கொஞ்சமாப் போட்டாலும் நல்ல சோறாப் போடணும்னு நெனைச்சேன்."

"நல்ல சோறுதான் போட்டீங்க" என்றார் சாமி. "மாதையன் கல்யாண வீட்டுக்குப் போனதுகூட அதைத் தின்னுட்டுத்தான்."

மறுநாள் காலையில் ஒரு வண்டி வந்து சன்ன அரிசியை ஏற்றிக்கொண்டு, நொய் மூட்டையும் கேழ்வரகு மாவு மூட்டையும் இறக்கிவிட்டுப் போனது.

தீர்த்தகிரி பெரிய பானையை அடுப்பில் ஏற்றினார். நொய் வெந்து மலர்ந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டினார். இரண்டு பையன்கள் பானையைப் பிடித்துக்கொள்ள, அவர் துடுப்புக் கட்டையால் கிளறினார். களி பானையின் கழுத்து வரை வந்தது. பக்கத்து அடுப்பில் கொள்ளுக் குழம்பு கொதித்தது. களியை ஈரக்கையால் உருண்டை பிடித்து அதே பானையில் திரும்ப அடுக்கினார்.

பந்தியில் ஓசை கூடுதலாக இருந்தது.

"ஐயா, இது உருண்டையா, உரலா?"

"முழுங்கிப் பாருடா, தெரியும்."

"எங்கம்மா உருட்டுறது இதுல பாதிதான் இருக்கும்."

"பாவம், நீ அதுல பாதியைத் தின்னுதான் இப்படி இருக்கியா?"

பானை போனது, திரும்பி வந்தது. மறுபடியும் போனது. கோவிந்தராசு என்கிற பையன் சுவரில் சாய்ந்துகொண்டு, "என்னை யாராவது தூக்கி விடுங்கடா" என்றான். கடைசியில் அடியில் பிடித்த காந்தலுக்குச் சென்னகேசவனும் இன்னொருவனும் சண்டை போட்டார்கள். மாதையன் எழுந்து வந்து இருவருக்கும் நடுவிலிருந்து பானையை இழுத்துக்கொண்டான்.

"ஊருக்குப் போறவனுக்கு இதுகூடக் கிடையாதா? நகருங்கடா."

கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்றான். அந்தச் சத்தம் அடுக்களை வரை கேட்டது.

எல்லாரும் போன பிறகு தீர்த்தகிரி பானையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை. அவர் முகம் வாடியது. பானையைச் சாமியிடம் கொண்டுபோனார்.

"இன்னைக்கு ஒண்ணுமே மிஞ்சல சாமி. பத்தலையோ?"

சாமி பானையை வாங்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினார்.

"மிச்சத்தைப் பாத்துத்தான் இத்தனை நாளா அளந்தேன்" என்றார் தீர்த்தகிரி. "இனிமே நான் எதைப் பாத்து அளக்குறது?"

சாமி கழுவிய பானையைக் கவிழ்த்து வைத்தார்.

"மாதையனோட துணி இப்பப் பெட்டியில இருக்கா, கொடியில இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வாங்க."