கிழக்குக் காணியைத் தேற்றிய கை

நிலத்துக்கு வாரிசு எத்தனை என்று கேட்டால் ஊர் ஆண்களை மட்டும் எண்ணும். புருஷன் விரட்டிவிடப் பிறந்த வீடு திரும்பிய பொன்னருவியை ஊர் எண்ணவில்லை. ஆகவே அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர். அவள் தகப்பனின் நிலத்தில் கிழக்குக் காணி மட்டும் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கல் கலந்த வெளிறிய மண். மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே பழுத்து நின்றுவிடும். சாகும் தறுவாயில் அவர் ஊரார் முன்னிலையில், "இதை யாரு தேத்துறீங்களோ, அவங்களுக்கே இது" என்றார். இரண்டு மகன்களும் மகளும் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

ஆண்டுகள் கழிந்து அங்கே ஆளுயரப் பயிர் நின்றது. அறுவடைக்குப் பின் மண் ஆய்வுக்கு வந்த வேளாண் அலுவலரிடம் மூவரும் வழக்கைக் கொண்டுபோனார்கள்.

"வருஷா வருஷம் யூரியா கொட்டினது நான்" என்றான் மூத்தவன் கொளஞ்சி.

"என் ஆட்டுக்கிடைதான் மேடம் மண்ணை மாத்துச்சு. போன மாசம் போட்டது, புழுக்கை இன்னும் கிடக்கு பாருங்க" என்றான் இளையவன் செல்லமுத்து.

"அறுப்பு முடிஞ்சதும் சோளத்தட்டையை நறுக்கி மண்ணுலயே மடக்கி உழுதேன். வருஷம் தவறினதில்ல" என்றாள் பொன்னருவி.

"மாட்டுக்காரன் காசு குடுத்து வாங்குற தட்டையைப் புதைச்ச கிறுக்கி! மண்ணைத் தேத்தினாளாம். முதல்ல புருஷனைத் தேத்தியிருக்கலாம்ல?" என்றான் கொளஞ்சி. வேடிக்கை பார்த்த ஊரும் சிரித்தது.

அலுவலர் மேலே கிடந்த புழுக்கையை வழித்து ஒதுக்கிவிட்டு உழவு ஆழத்துக்குக் குழி வெட்டினார். கறுத்த மண், மண்புழுவோடு பொலபொலவென உதிர்ந்தது. ஊடே மக்கிய பழுப்பு நார். ஆய்விலும் மட்கு மிகுதி என்றே வந்தது. கொளஞ்சி அதே யூரியாவைக் கொட்டித் தட்டையை விற்றுவிடும் பக்கத்துக் காணியில் மட்கு அற்பம்.

தகப்பனின் சொல்லின்படி, கிழக்குக் காணி யாருக்கு உரியது?

விடை: பொன்னருவிக்கு. புழுக்கை மேலே கிடந்ததே தவிர மண்ணோடு சேரவில்லை. யூரியாதான் காரணமென்றால் பக்கத்துக் காணியும் தேறியிருக்கும். பழுப்பு நார் அவள் மடக்கி உழுத தட்டை. இதில் ஊரில் ஒருவருக்கும் ஐயமில்லை. தகப்பனின் சொல்லுக்குச் சாட்சி சொல்லத்தான் ஒருவரும் வரவில்லை. அண்ணன்கள் காணியைப் பாதியாக்கி நடுவே வரப்புப் போட்டார்கள். தட்டை இப்போது மாட்டுக்காரனுக்குப் போகிறது. மண் மறுபடி வெளிறுகிறது. பொன்னருவி அதே காணியில் கூலிக்குக் கதிர் ஒடிக்கிறாள்.