வெண்டை சொன்ன பொய்

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாய் இருந்தது. தோட்டத்துக்குள் நுழைந்தால் காது வலிக்கும். பாகல் எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருக்கும். கத்தரிக்குக் கிண்டல் அதிகம். புடலை ஒரு பேச்சைத் தொடங்கினால் முடிக்கிற வழக்கமே இல்லை. அன்றைக்கு எல்லாக் காய்களும் பூமியைப் பார்த்துத்தான் தொங்கின. வெண்டைக்காயும் அப்படித்தான் தொங்கியது.

கொங்குப் பக்கத்து வறட்டுப் பூமி ஒன்றில் வேலாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் நாச்சிமுத்து. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குடிசை, ஆறு மாடு, கொல்லைப்புறத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒரு தோட்டம். அந்த வருஷம் பங்குனியிலேயே புல் கருகிவிட்டது. மாடுகளை மலைக்கு ஓட்டிப்போய் மேய்த்தால்தான் பிழைக்கும் என்ற நிலை. வேலாத்தாளுக்கு அப்போது ஆறு மாதம். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறந்து பேசுவதில்லை. ஆனால் நாச்சிமுத்து புறப்படுகிற நாளைத் தள்ளிக்கொண்டே போனான்.

"ஆனி பொறந்ததும் வந்துருவேன் புள்ள. அதுக்குள்ள கனமா எதையும் தூக்கிப்போடாதே" என்றான்.

"அதுவரைக்கும் களியை மட்டும் திங்கறதுங்களா மாமா? வயித்துல இருக்கறது பச்சையா கேக்குதுங்க."

"தோட்டத்துல நாலு வெதைய ஊனிக்கோ. நம்ம கெணத்துல ஊறற தண்ணிய ஒரு சொம்புல மோந்து ஊத்து, போதும். கொடத்தை மட்டும் இடுப்புல வெக்கக்கூடாது. செரியா?"

"செரிங்க" என்றாள். சரி என்று சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. செய்வது வேறு கதை.

அவன் போன மறுநாள் விதைப்பானைகளை இறக்கி, எல்லாவற்றையும் முறத்தில் கொட்டினாள். "சித்திரை வெயில் வருது. ஆரெல்லாம் வர்றீங்க, ஆரெல்லாம் தூங்கறீங்க?" என்று கேட்டாள்.

"என்னை ஆடி மாசம் கூப்புடு ஆத்தா. பனி விழுந்தாத்தான் எனக்குப் பூ வரும்" என்றது அவரை. "இந்த மண்ணு சூட்டுல என் கெழங்கு வெந்தே போயிரும்" என்றது முள்ளங்கி. கொத்தமல்லியோ, "நான் வருவேன், ஆனா எல விடறதுக்கு முந்தி பூத்துருவேன், அப்பறம் என்னைத் திட்டக்கூடாது" என்றது. மூன்றையும் மறுபடி பானையில் போட்டு மூடினாள்.

கத்தரி வந்தது, கொத்தவரை வந்தது. பாகல் முனகிக்கொண்டே வந்தது. புடலை எதற்கு வருகிறோம் என்பதை நீளமாக விளக்கிவிட்டு வந்தது. கடைசியில் முறத்தின் ஓரத்தில் கிடந்த வெண்டை, "என்னை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போடு ஆத்தா. அப்பறம் எந்த வெயிலா இருந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றது. அதன் பேச்சு அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல அந்த விதைகளை உள்ளங்கையில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள்.

சித்திரையில் செடிகள் முழங்கால் உயரம் வந்தன. வெயிலும் வந்தது. கிணற்றில் ஊறுவது வீட்டுச் செலவு போக நாளைக்கு ஒரு சொம்புதான், அதற்கு மேல் சொட்டு கிடையாது. உச்சி வெயிலில் பாகல் இலை துவளும், புடலை சுருளும், வெண்டையும் தலையைத் தொங்கப்போடும். செடி தலை தொங்கினால் வேலாத்தாளுக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவை தானாகவே தேறிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? மனசு கேட்க வேண்டுமே! குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று கூப்பிடு தூரத்தில் இருந்த ஓடை ஊற்றுக்கு நடந்துவிடுவாள். முதலில் ஒரு நடை. அப்புறம் இரண்டு. வைகாசி பிறந்து காய் பிடித்தபோது நாளைக்கு நாலு நடை.

ஒருநாள் நாலாவது குடத்தோடு வேலிப்படல் வரைக்கும் வந்தவள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். குடம் உருண்டது. தண்ணீர் யாருக்கும் இல்லாமல் போனது. நல்ல வேளையாக, பக்கத்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்த மருத்துவச்சி செல்லாயி அவளைப் பார்த்துவிட்டாள். நிழலுக்கு நடத்திக் கூட்டிவந்து, இடுப்பை நீவிவிட்டாள். வலி மெல்லத் தணிந்தது.

"உனக்குப் புத்தி கித்தி இருக்குதா அம்மிணி? மொதல்ல ஒண்ணப் பறிகொடுத்தது போதாதா? இன்னும் ஒரு நடை கொடம் தூக்குனீன்னா இதுவும் தங்காது, சொல்லிப்போட்டேன்."

"தூக்க மாட்டனுங்க அக்கா" என்றாள் வேலாத்தாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கண் மட்டும் தோட்டத்துப் பக்கம் போய்வந்தது.

அந்தப் பார்வையை வெண்டை கவனித்துவிட்டது. செல்லாயி போனதும் மற்றச் செடிகளிடம் மெதுவாகச் சொன்னது. "கேட்டீங்கல்லோ? நாம தலையைத் தொங்கப்போட்டா ஆத்தா மறுபடியும் கொடத்தை எடுக்கும். நாளையிலிருந்து ஆரும் தாகம்னு சொல்லக்கூடாது. நிமிந்து நிக்கோணும்."

"வெயில்ல நிமிரறதா? என்னால ஆகாது" என்றது பாகல். கத்தரியும் தயங்கியது. "தாயும் புள்ளையுமே ஆனாலும் வாயும் வயிறும் வேறதானப்பா. ஆத்தா மேல எனக்கும் பாசம்தான். ஆனா என் ஒடம்பு கனம் எனக்குத்தான் தெரியும்."

அவை சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் கத்தரியும் பாகலும் ஆளுக்கொரு இலைக்குப் பின்னால் காய்களை ஒளித்துக்கொண்டு, வாயை மூடிக்கொள்வதாக ஒப்புக்கொண்டன. கொத்தவரை கொத்தாகக் கூடித் தண்டோடு ஒட்டிக்கொண்டது. புடலைதான் பாவம், பேசாமல் இருப்பதற்கு ரொம்பச் சிரமப்பட்டது.

மறுநாள் உச்சிப்பொழுது. வெயில் தரையில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. வேலாத்தாள் பின்கட்டுக் கதவைத் திறந்து பார்த்தாள். கை குடத்தின் மேல் இருந்தது. அந்த நேரம் பார்த்து வெண்டை ஒரு காரியம் செய்தது. தொங்கிக்கொண்டிருந்த காய்களை ஒவ்வொன்றாக, காம்பு வலிக்க வலிக்க, மேல்நோக்கித் தூக்கியது. எல்லாக் காய்களும் வானத்தைப் பார்த்து நின்றன.

"என்ன சாமி, உனக்குத் தண்ணி வேண்டாமா?" என்றாள் வேலாத்தாள்.

"நேத்து ஊத்துனதே கால்ல ஈரமா இருக்குது ஆத்தா. நான் நல்லா இருக்கறேன். நீ போய் நெழல்ல படு."

"நெசமாவா?"

"என்னைப் பாரு. வாடுனவன் இப்படியா நிப்பான்?"

அவள் பார்த்தாள். நம்பினாள். குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அன்றிலிருந்து தினமும் இதே கேள்வி, இதே பதில். சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீரை எல்லாச் செடிக்கும் பங்கிட்டு ஊற்றுவாள். வெண்டை, "எனக்கு வேண்டாம், பாகலுக்கு ஊத்து, அது மொனகும்" என்று அந்தப் பங்கையும் தள்ளிவிடும். வேர் எங்கேயோ ஆழத்தில் துழாவி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. காய்கள் மட்டும் ஈட்டிபோல நிமிர்ந்தே இருந்தன. வேலாத்தாளும் பறித்துக் குழம்பு வைத்தாள். வாயில் நார் தட்டியது. தனக்குத்தான் பிள்ளைத்தாய்ச்சி வாய்க்கு ருசி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனி முதல் நாளே நாச்சிமுத்து வந்து சேர்ந்தான். மழை இன்னும் வரவில்லை, அவன் வந்துவிட்டான். பெண்டாட்டியின் நிறைவயிற்றைப் பார்த்தபடி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். வேலாத்தாள் ஆசையாக வெண்டைக்காய்க் குழம்பு ஊற்றிப்போட்டாள். அவன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான்.

"இது வெண்டைக்காயா, பல்லு வெளக்கற வேப்பங்குச்சியா?"

"நெனச்சதை எல்லாம் பேசாதீங்க. செடி பச்சுனு நிக்குது, போய்ப் பாருங்க!"

அவன் போய்ப் பார்த்தான். காய் நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் அவன் குனிந்து, செடியின் காலடியில் விரலை விட்டுத் தோண்டினான். ஒரு சாண் ஆழம் வரைக்கும் மண் சுட்ட ஓடாக இருந்தது. "வேலா, இங்க வா" என்றான்.

அவள் மெல்ல வந்து மண்ணைத் தொட்டாள். அப்புறம் ஒரு காயைப் பிடித்து அதன் நுனியை வளைத்தாள். நுனி ஒடியவில்லை. நார் நாராகக் கிழிந்து தொங்கியது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நல்லா இருக்கறேன்னு தெனமும் சொன்னியே, பாவி!"

"தாகமா இருக்குதுன்னு சொல்லியிருந்தா நீ கொடம் தூக்கியிருப்பே ஆத்தா" என்றது வெண்டை.

வேலாத்தாள் செடியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அதன் சொணை கையெல்லாம் அரித்தது. அவள் விடவில்லை. நாச்சிமுத்து குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு நடந்தான். அன்றைக்கு மட்டும் ஏழு நடை போனான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெண்டையைப் பார்த்துச் சொன்னாள். "இனி உன் வாய்ப் பேச்சை நம்பறதா இல்லை. நீ நிமிந்து நிக்கறதையும் நம்ப மாட்டேன். நுனியை ஒடிச்சுப் பாப்பேன். பட்டுனு ஒடிஞ்சா நீ நல்லா இருக்கறே. ஒடியலைன்னா நீ சொல்றது பொய்."

பத்தாம் நாள் மழை கொட்டியது. அந்த மழையிலேயே செல்லாயியின் கையில் ஒரு பெண் குழந்தை வந்து விழுந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது.

அன்று முதல்தான் கத்தரியும் பாகலும் புடலையும் பூமியைப் பார்த்துத் தொங்க, வெண்டைக்காய் மட்டும் வாடினாலும் முற்றினாலும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. காய்க்காரர் எவ்வளவு முறைத்தாலும், நாமும் அதன் முகத்தைப் பார்த்து ஏமாறாமல் நுனியை ஒடித்துக் கேட்கிறோம்.