தழும்பில்லாத கலயம்

ஆண்டிஸ் மலைக்கும் கடலுக்கும் நடுவில் அந்தக் காலத்தில் ஒரு பள்ளத்தாக்கு. மழை என்பதே கிடையாது, எல்லாம் வாய்க்கால் தண்ணீர்தான். ஒரு ஊருக்குத் தண்ணீர் விடச் சம்மதம் என்றால், பள்ளத்தாக்கின் தலைவர் தன் முகத்தை வடித்த மண்கலயத்தில் மக்காச்சோளக் கள் அனுப்புவார். ஊரார் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்தான் என்று தெரிந்தால் குடித்துவிட்டு மடையைத் திறப்பார்கள்.

அந்தக் கலயங்களைச் செய்பவள் செல்பா. அவளைக் குருவாக ஏற்று வந்தவன் சம்பெக். வயதில் அவளுக்கு மூத்தவன், பொறுமையில் இளையவன்.

அந்த வருஷம் தலைவரும் ஊராரும் சேர்ந்து அவனைப் படாதபாடு படுத்தினார்கள். தலைவருக்கு இடது கன்னத்தில் பழைய வெட்டுத் தழும்பு. அதை வைத்துச் செய்தால், இது யார் முகம் என்று தலைவர் திருப்பினார். எடுத்துவிட்டுச் செய்தால், இது யாரோ என்று ஊரார் திருப்பினார்கள். கலயம் போவதும் வருவதுமாய்க் கள் புளித்தது. சம்பெக்கின் அக்காள் ஊரில் பயிர் கருகிக்கொண்டிருந்தது.

கையிலிருந்த களிமண்ணைத் தரையில் அறைந்தான் சம்பெக். "யார் பேச்சைத்தான் கேக்குறது, குருவே? என் முகம் எனக்குத் தெரியாதாங்கிறார் அவர். அதுவும் நியாயம்தானே?"

"அவரையே வரச் சொல்லு" என்றாள் செல்பா.

தலைவர் சலித்துக்கொண்டே வந்தார். தன் முகத்தில் அப்படியொன்றும் இல்லை, இன்னும் எத்தனை தரம் சொல்வது என்று பொரிந்தார். செல்பா களிமண்ணைப் பிசைந்துகொண்டே கேட்டாள். அளவு பார்க்க வேண்டும் என்று உட்காரவைத்து, களிமண் கையால் நெற்றி, மூக்கு, கன்னம் என்று தடவினாள். அவர் எழுந்ததும், கன்னத்தில் மண் ஒட்டியிருக்கிறது என்றாள்.

அவர் வலது கன்னத்தைத் துடைத்தார். அந்தப் பக்கம் இல்லை என்றான் சம்பெக். இடதைத் துடைத்தார். இன்னும் கொஞ்சம் கீழே என்றான். தழும்புக்குள் புகுந்த மண் லேசில் வருமா? தேய்த்துத் தேய்த்து அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"போச்சா இல்லையா?"

செல்பா கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "உங்க முகம்தானே, தலைவரே. எங்களை எதுக்குக் கேக்குறீங்க?"

தலைவரின் விரல் கன்னத்துத் தழும்பிலேயே நின்றுவிட்டது.

அடுத்த கலயத்துக்காக அச்சிலிருந்து எடுத்து வைத்திருந்த ஈரக் களிமண் முகத்தைச் சம்பெக் மெதுவாகத் தன் பக்கம் இழுத்தான். கத்தியை எடுத்து அதன் இடது கன்னத்தில் வைத்தான்.

"இன்னும் கொஞ்சம் கீழே" என்றார் தலைவர்.