நெட்டச்சி பெற்ற நெட்டச்சிகள்

மேகம் இறங்கிவிட்டால் பக்கத்து மரம்கூடத் தெரியாத காடு ஒன்று மலைச்சரிவில் இருந்தது, பிள்ளைகளே. அங்கே நடுப்பகலிலும் வெளிச்சம் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். எது மரம், எது உயிர் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. குச்சி என்று நினைத்துத் தொட்டால் அது எழுந்து நடந்து போகும். கதை கொஞ்சம் பயமாக இருக்கும். பயந்தாங்கொள்ளிகள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக நான் பாதியில் நிறுத்தப்போவதில்லை.

ஒரு மழைக்காலத்தில் காட்டாற்று வெள்ளம் மேல்காட்டிலிருந்து ஒரு முறிந்த கிளையை அடித்துக்கொண்டு வந்து இந்தச் சரிவில் ஒதுக்கியது. அந்தக் கிளையில் இரண்டு குச்சிப்பூச்சிகள் உயிரைக் கையில் பிடித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தன.

ஒருத்தி பெயர் நெட்டச்சி. தன் அழகில் தானே மயங்கிக் கிடப்பவள். இன்னொருத்தி சுள்ளி. எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறவள்.

சரிவில் அவர்கள் இனத்தார் வேறு யாருமே இல்லை. ஒரு முள்ளுப்பழப் புதர் மட்டும் "வாங்க, வாங்க, இலை நிறைய இருக்கு" என்று இடம் கொடுத்தது. வாயாடிப் புதர் அது.

"நம்ம ரெண்டு பேரோட வம்சமே முடிஞ்சுபோச்சு அக்கா. இங்க ஆண் துணையே இல்லையே," என்று சுள்ளி அழுதாள்.

"சீ, கண்ணைத் துடை! ஆண் எதுக்குடி? நம்ம இனத்துப் பொண்ணு ஒத்தையிலேயே முட்டை போடலாம். பொரிஞ்சு வர்றது எல்லாமே பொண்ணு. எல்லாமே நம்மளையே உரிச்சு வச்ச மாதிரி இருக்கும்," என்றாள் நெட்டச்சி.

அவள் கதை விடவில்லை, பிள்ளைகளே. குச்சிப்பூச்சிகளில் சில வகை அப்படித்தான். நெட்டச்சி கிளை நுனியில் ஏறி உட்கார்ந்து, கீழே சருகின் மேல் முட்டைகளை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.

சில நாள் கழித்து மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஆண் குச்சிப்பூச்சி நொண்டிக்கொண்டு வந்தான். கட்டையன் என்று பெயர். சேற்று நிறம். பின்னங்கால் ஒன்று இல்லை.

"மேல்காட்டிலேர்ந்து நடந்தே வர்றேன்," என்று மூச்சு வாங்கினான். "என்னைக் கட்டிக்கிறியா, நெட்டச்சி?"

"உன்னையா? உன் மூஞ்சியை என்னைக்காவது தண்ணியில பார்த்திருக்கியா? உன்னைக் கட்டினா என் பிள்ளைக்கு உன் சேத்து நிறம் வரும். உன் குட்டை உடம்பு வரும். எனக்கு என் பிள்ளை என்னை மாதிரியே இருக்கணும். நடையைக் கட்டு!"

பாவம், அவன் முகம் விழுந்துவிட்டது. சுள்ளிக்கு மனசு கேட்கவில்லை.

"உங்க கால் எங்கே போச்சு?" என்று கேட்டாள்.

"ஒரு குருவி காலைக் கவ்விடுச்சு. காலைக் கழட்டி அதுக்கிட்டயே விட்டுட்டு உயிரைக் கொண்டாந்துட்டேன்."

"அடேயப்பா! அந்த வித்தை எனக்குத் தெரியாதே!" என்றாள் சுள்ளி. அவள் கண்ணில் அன்றைக்குக் கண்ணீர் இல்லை. இருவரும் அந்தப் புதரிலேயே கலியாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்தினார்கள். அவளும் முட்டை போட்டாள்.

புதர் சும்மா இருக்குமா? வாயைத் திறந்துவிட்டது.

"நெட்டச்சி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. எனக்கும் உன் வழி தெரியும். என் கிளை நுனி வளைஞ்சு மண்ணைத் தொட்டாப் போதும், வேர் விட்டுக் கன்னு ஆயிடும். அந்தக் கன்னும் நானேதான். நாலு பக்கமும் வேகமாப் பரவ அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா நான் பூக்கவும் செய்றேன். தேனீ வந்து எங்கேயோ இருக்கிற இன்னொரு செடியோட மகரந்தத்தை என் பூவுல தடவிட்டுப் போகுது. அப்புறம்தான் பழம். அதுக்குள்ள இருக்கிற விதையில நானும் இருக்கேன், அந்தச் செடியும் இருக்கு."

"எதுக்கு இந்த வீண் அலைச்சல்?"

"போன கோடையில ஒரு பூஞ்சை வந்துச்சு. என் பழைய உடம்பும், கிளையிலேர்ந்து வேர் விட்ட அதோட கன்னு அத்தனையும் ஒண்ணா கருகிப்போச்சு. ஒண்ணைக் கொன்ன நோய்க்கு மத்ததெல்லாம் தெரிஞ்ச வீடு மாதிரி. அதோட பழத்து விதையில முளைச்ச இந்த உடம்புதான் தப்பிச்சு உன்கிட்டப் பேசிட்டிருக்கு."

"அது செடி சமாச்சாரம்," என்று நெட்டச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முட்டைகள் பொரிந்தன.

நெட்டச்சியின் பிள்ளைகள் சருகுக்குள்ளிருந்து வரிசையாக ஏறி வந்தார்கள். ஒரே நிறம், ஒரே நடை. ஒருத்தி நின்றால் எல்லோரும் நின்றார்கள். ஒருத்தி தலையைத் திருப்பினால் எல்லாத் தலைகளும் திரும்பின. வளர்ந்து பெரியவர்களானதும் தாய் யார், மகள் யார் என்று புதருக்கே தெரியாமல் போயிற்று.

மேகம் மூடிய நேரத்தில் நெட்டச்சி உரக்கக் கேட்பாள்: "யாரு அங்கே?"

"நான்தான்," என்று நாலு பக்கத்திலிருந்தும் அவள் குரலே பதில் சொல்லும்.

கேட்பவர்களுக்கு மயிர் கூச்செறியும். நெட்டச்சிக்கோ உச்சி குளிர்ந்து போகும். "பார்த்தியாடி, சரிவு முழுக்க நான்தான்!" என்பாள்.

சுள்ளியின் வீடோ சந்தைக்கடை. ஒருவன் பச்சை, ஒருத்தி பழுப்பு. ஒருத்தி இலை அசைந்தாலே தொப்பென்று கீழே விழுந்து செத்தவள் மாதிரி கிடப்பாள். ஒருவன் பிடித்தால் காலைக் கழற்றிவிட்டு ஓடுவான். ஒருத்தி கிட்டே போனாலே நாற்றம் அடிப்பாள். ஒருவன் சும்மா சண்டைக்கு நிற்பான்.

"இதுல ஒண்ணாவது உன் ஜாடையில இருக்கா? நல்லா பெத்து வச்சிருக்க போ!" என்று நெட்டச்சி சிரிப்பாள். சரிவெங்கும் அவள் சிரிப்பே பலமுறை கேட்கும்.

ஒரு நாள் அந்த மேகத்துக்குள் ஒரு பச்சோந்தி வந்து சேர்ந்தான். உருட்டுக்கண்ணன் என்று பெயர். ஒரு கண் முன்னால் பார்க்கும்போது இன்னொரு கண் பின்னால் பார்க்கும். ஓர் அடி எடுத்து வைக்கவே யோசிப்பான், ஆனால் நாக்கு மட்டும் மின்னல் வேகம். பசியில் விலா எலும்பு தெரிந்தது. சுற்றிலும் இரை இருக்கிற வாசனை வருகிறது. பார்த்தால் எல்லாம் குச்சி.

நெட்டச்சி ஒரு மெல்லிய முள்கிளையின் நுனியில் இருந்தாள். அவன் எடையை அது தாங்காது, அவன் நாக்கும் அங்கே எட்டாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அம்மணி, நீங்க பூச்சியா, குச்சியா? சத்தியமா எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை," என்றான் குழைவாக.

நெட்டச்சிக்குக் காது குளிர்ந்தது. "என்னை யாரும் கண்டுபிடிச்சதே இல்லை."

"அந்த அழகை ஒரு தடவை காட்டக் கூடாதா? நான்தான் அங்கே வர முடியாதே."

"பார்த்துக்கோ!" என்று அவள் இலையின் அடிப்பக்கம் போனாள். தலைகீழாகத் தொங்கினாள். முன்னங்கால் இரண்டையும் நேராக நீட்டி மூச்சை அடக்கினாள். குச்சியேதான்! கொஞ்ச நேரம் கழித்து, ஆபத்து போய்விட்டதா என்று பார்க்க இடது முன்காலை மெல்ல எடுத்துக் காற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

உருட்டுக்கண்ணனின் இரண்டு கண்களும் முதல் தடவையாக ஒரே இடத்தைப் பார்த்தன.

"அபாரம் அம்மணி! ஆனா உங்க பிள்ளைகளுக்கு இவ்வளவு திறமை இருக்குமா? சந்தேகந்தான்."

"என்ன சொன்ன? என் பிள்ளைகள் அத்தனை பேரும் அச்சு அசல் நான்! இதே இடம், இதே தொங்கல், இதே கால். இம்மி மாறாது!"

"அப்படியா?" என்றான் அவன். "ரொம்ப நன்றி."

மெதுவாகப் பின்னால் நகர்ந்து மேகத்துக்குள் மறைந்தான்.

அன்று சாயங்காலம் பக்கத்துக் கிளையை அவன் ஆட்டினான். இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். ஓர் இடது கால் வெளியே வந்தது. சப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

அந்த அடுத்த இலையில் இருந்தவள் இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் கத்தவில்லை. 'நான் இங்கேதானே இருக்கேன், அப்புறம் யார் போனது?' என்று நினைத்துக்கொண்டு முன்னங்கால்களை நீட்டினாள்.

உருட்டுக்கண்ணன் சுள்ளியின் கிளைக்கும் போனான். அங்கே ஒருத்தி தொப்பென்று விழுந்து சருகில் காணாமல் போனாள். ஒருவனைப் பிடித்தால் வாயில் வெறும் கால்தான் மிஞ்சியது. நாற்றக்காரியை நக்கிவிட்டுத் தூவென்று துப்பினான். சண்டைக்கு நின்றவன் மட்டும் சண்டைக்கே நின்றான். அவன் பச்சோந்தியின் வாய்க்குள் போய்விட்டான்.

சுள்ளி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். காடே கேட்கிற அழுகை.

"ஏண்டி இப்படி ஊரைக் கூட்டுற?" என்று நெட்டச்சி எரிந்து விழுந்தாள். "என் பக்கத்துலயும்தான் ஒண்ணு ரெண்டு குறைஞ்சிருக்கும் போல. நான் அழுதேனா? அதே மாதிரி எத்தனையோ இருக்கு."

"எனக்கு அவனை மாதிரி இன்னொருத்தன் இல்லையே அக்கா," என்றாள் சுள்ளி.

நெட்டச்சிக்கு அது விளங்கவில்லை. ஒருத்திக்காகத் தனியாக அழுது அவளுக்குப் பழக்கமே இல்லை.

மேகம் விடாமல் பல நாள் மூடியிருந்தது. நெட்டச்சி வழக்கம்போல "யாரு அங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான்தான்" என்ற பதில் முதலில் நாலு பக்கமும் வந்தது. பிறகு மேற்குப் பக்கம் ஓய்ந்தது. ஓடைப் பக்கம் ஓய்ந்தது. அவள் கவனிக்கவில்லை. வந்தது தன் குரலாகவே இருந்ததால் யாருடைய குரல் குறைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு காலையில் ஒரே ஒரு பதில்தான் வந்தது, ரொம்பத் தூரத்திலிருந்து. மறுபடி கேட்டாள். இந்தத் தடவை பதிலே இல்லை.

"யாரு அங்கே? ஏய்! யாராவது இருக்கீங்களா?"

மேகம் அப்படியே நின்றது. நெட்டச்சி கிளை கிளையாகத் தேடினாள். என் பிள்ளைகள் எங்கே என்று பதறினாள். ஒருத்தியின் பெயரையாவது சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவள் எந்தப் பிள்ளைக்கும் தனிப் பெயர் வைத்ததில்லை. அப்போதுதான் அவள் முதல் தடவையாக அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள்.

பிறகு விழுந்தடித்துக்கொண்டு சுள்ளியின் கிளைக்கு ஓடினாள்.

"சுள்ளி! எல்லாம் போச்சுடி! என்னைத் தவிர ஒருத்திகூட மிச்சமில்லை!"

"ஐயோ அக்கா!" என்று சுள்ளி அவளைக் கட்டிக்கொண்டாள். "இங்கேயே எங்களோட இருந்துடு."

சொல்லி வாய் மூடவில்லை. நெட்டச்சி வந்த வழியில், மேகத்துக்குள் இரண்டு கண்கள் தனித்தனியாக உருண்டுகொண்டு வந்தன. இப்போது அவன் நன்றாகக் கொழுத்திருந்தான்.

சுள்ளியின் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். கட்டையன் சுள்ளியை இழுத்துக்கொண்டு புதருக்குள் புகுந்தான். விழுகிறவள் விழுந்துகொண்டே கத்தினாள்:

"பெரியம்மா! கிளையை விட்டுடுங்க! கீழே விழுந்துடுங்க!"

நெட்டச்சிக்குக் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் உடம்பு இலையின் அடிப்பக்கம் போயிற்று. தலைகீழாகத் தொங்கியது. முன்னங்கால்கள் நீண்டன. மூச்சு அடங்கியது.

உருட்டுக்கண்ணன் அவசரப்படவில்லை. இலைக்கு எதிரே வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

"பயப்படாதீங்க அம்மணி," என்றான் மெதுவாக. "உங்களுக்குத்தான் இது புதுசு. உங்களை நான் இதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை தின்னிருக்கேன்."

'அசைய மாட்டேன், இந்தத் தடவை அசையவே மாட்டேன்' என்று நெட்டச்சி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவளுடைய இடது கால் மெல்ல வெளியே வந்தது.

நீதி: எல்லோரும் ஒரே அச்சாக இருந்தால், ஒருவரை அறிந்த பகைவன் எல்லோரையும் அறிந்துவிடுவான்.