இடது கை

ஐம்பத்தாறாவது வயதில் செங்குட்டுவன் மறுபடி மாணவரானார். ஆசிரியர் சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை சிறைக்குப் போய்வந்த மனிதர். ஆங்கிலம் கற்பிக்கும் முறையை அவருக்குச் சொல்லித்தந்த மங்கையர்க்கரசிக்கு நாற்பத்தொரு வயது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் நம்மூர்ப் பல்கலைக்கழகமும் கைகோத்து அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சி அது. ஓராண்டு ஓடிவிட்டது. தொடர்வதா, மூடுவதா என்று முடிவு செய்ய வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இருவர் வருகிறார்கள். காலையில் ஒரு வகுப்பு, மதியம் ஒரு வகுப்பு. இரண்டையும் எடுக்கப் போகிறவர் செங்குட்டுவன்.

"காசுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஆயிரம் வழி. நம்ம வாத்தியாருக்கு இது ஒண்ணுதான். மூட விடமாட்டேன் மேடம்."

"சரி தலைவரே."

"அவங்க நம்மள மதிக்கணும். அதுக்கு என்ன செய்யணும்?"

"வகுப்புல சொல்றேன்."

செங்குட்டுவனுக்குப் பொறுமை இல்லை. அன்று மாலையே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார்.

"கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சா வலது கை. தெரியலேன்னா இடது கை. வலது கையை மட்டும்தான் கூப்பிடுவேன்."

"பாதி தெரிஞ்சா சார்?"

"பாதி தெரிஞ்சாலும் இடதுதான்."

வாசலில் நின்று மங்கையர்க்கரசி கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இருவரும், உடன் வந்த நம்மூர்ப் பேராசிரியரும் ஓரமாக நாற்காலிகளில் அமர்ந்தார்கள். சந்தைப் படம் ஒன்றைக் கரும்பலகையில் மாட்டிவிட்டு, செங்குட்டுவன் ஆங்கிலத்தில் ஐந்து கேள்விகள் கேட்டார். ஐந்து முறையும் நாற்பது கைகள் உயர்ந்தன. ஐந்து பதில்களும் பிசிறில்லாமல் வந்தன. நரைத்த தலைப் பேராசிரியை சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

ஆறாவது கேள்விக்குக் கடைசி பெஞ்சில் இன்னொரு கை எழுந்தது. பிள்ளைகளோடு நெருக்கி உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசியின் இடது கை.

செங்குட்டுவன் பார்த்தார். பார்க்காததுபோல் முன் பெஞ்சைக் கூப்பிட்டார்.

இடைவேளையில் பொரிந்து தள்ளினார்.

"கழுத்தறுக்கப் பாத்தீங்களே மேடம்! நான் கூப்பிட்டிருந்தா?"

"நீங்கதான் கூப்பிடலையே."

"எதுக்குத் தூக்குனீங்க?"

"கலெக்டர் ஆபீஸ் வாசல் போராட்டத்துல நீங்க எதுக்குக் கை தூக்குனீங்க தலைவரே?"

"இல்லாததைக் கேக்க."

"எந்தக் கை?"

"அங்க எவன் கையைப் பாத்தான்? எல்லாக் கையும் தூக்கினோம். கலெக்டர் கார்க் கண்ணாடியைக்கூட இறக்காமப் போனாரு. இருபத்தெட்டு வருசமாச்சு. இன்னும் நெஞ்சு எரியுது."

மங்கையர்க்கரசி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"என் பக்கத்துல பேச்சியம்மாள் இருந்தா. ஆறு கேள்விக்கும் இடது கையைத் தூக்கினா. கடைசியில கை கடுத்துப்போய், முழங்கைக்கு இன்னொரு கையை முட்டுக்கொடுத்துக்கிட்டா."

செங்குட்டுவன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூடிட்டாங்கன்னா?"

"மூடலாம்."

மதிய வகுப்பு. அதே படம், புதிய கேள்வி. நாற்பது கைகள் உயர்ந்தன. பேராசிரியை பேனாவைத் திறந்தார்.

செங்குட்டுவன் முன் பெஞ்சுகளைத் தாண்டி நடந்தார். கடைசி பெஞ்சின் அருகே நின்றார்.

"பேச்சியம்மாள்."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். தூக்கிய கையை இறக்கவும் மறந்துபோனாள்.

"சார்... நான் இடது கை சார்!"

அந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று பேராசிரியை கேட்டார். நம்மூர்ப் பேராசிரியர் மொழிபெயர்க்காமல் வேர்வையைத் துடைத்தார். செங்குட்டுவனே தனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னார்: இவளுக்குப் பதில் தெரியாது, தெரியாதவர்களை இடது கை தூக்கச் சொன்னது நான், காலையில் அந்தக் கைகளில் ஒன்றைக்கூட நான் கூப்பிடவில்லை.

பேராசிரியையின் பேனா நின்றது.

செங்குட்டுவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெஞ்சின் ஓரத்தில் பேச்சியம்மாளுக்கு அருகில் உட்கார்ந்தார்.

"சார், நான் இடது கை..." என்றாள் அவள் மறுபடியும், அழுகிற குரலில்.

"தெரியும் தாயி. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."